ராகு காலச் சந்தாதாரர்

சில்லு வந்த புதிதில் கோவில்பட்டியில் ஒருவரும் அதை நம்பவில்லை. பிறகு எல்லாரும் நம்பினார்கள். ஆனால் நல்ல நேரம் பார்த்துத்தான் நம்பினார்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சில்லு என்பது கையில் பிடிக்க முடியாத காசு. பாட்டு கேட்க, செய்தி படிக்க, சென்னையில் இருக்கும் டாக்டரிடம் வீட்டிலிருந்தபடியே நாக்கை நீட்டிக் காட்ட, இணையத்தில் இப்போது எதற்கும் சில்லுதான். கொடுத்தது யார் என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. வங்கிக்கும் தெரியாது, ஏனென்றால் நடுவில் வங்கியே கிடையாது. அதற்குப் பதிலாக ஊருக்கு ஒரு கலயம் உண்டு. மண்பானை என்று நினைத்துவிடாதீர்கள், அது ஒரு கணினி. ஊரார் அனுப்பும் சில்லெல்லாம் அதற்குள் விழுந்து, நன்றாகக் கலக்கப்பட்டு, அந்தப் பக்கமாக வெளியே போகும். எது யாருடையது என்று கலக்குகிற கணினிக்கே தெரியாது. இப்படிக் கலக்கி மறைப்பதற்குத் தனியாக ஒரு கட்டணம். கூட்டம் சேர்ந்தால் கட்டணம் ஏறும், ஆள் குறைந்தால் இறங்கும்.

மற்ற ஊர்களில் அது காலையில் ஏறி மதியம் இறங்குமாம். எங்கள் ஊரில் பஞ்சாங்கப்படி. முகூர்த்த நாளில் ஒரு தடவை அனுப்பப் பத்துச் சில்லு கேட்கும். ராகு காலம் பிறந்ததும் தடாலென்று ஒரு சில்லுக்கு விழுந்துவிடும். எங்கோ தூர தேசத்து ஆராய்ச்சியாளர் ஒருவர் இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்துவிட்டு, உங்கள் ஊரில் தினமும் ஒன்றரை மணி நேரம் மின்சாரம் போய்விடுகிறதா என்று மிகுந்த அக்கறையோடு எழுதிக் கேட்டாராம்.

என் பெயர் மகிழ்மதி. கோபிசெட்டிபாளையத்தில் பிறந்து, இந்த ஊருக்கு மருமகளாக வந்து மூன்று வருஷம் ஆகிறது. கணவன் இனியன் காற்றாலைகளைப் பழுது பார்க்கிறவன், காலையில் போனால் பொழுது சாயத்தான் வருவான். நான் வீட்டிலிருந்தே ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு வேலை செய்கிறேன். மோதிய கார்களின் படங்களைப் பார்த்து, அடி எவ்வளவு என்று எழுத வேண்டும். நாள் முழுக்க நசுங்கிய கார்களைப் பார்க்கிறவளுக்குச் சிரிப்பு எங்கிருந்து வரும்? எனக்கு என் மாமியாரிடமிருந்து வந்தது.

அத்தையின் பெயர் உமாமகேஸ்வரி. காய்கறி கொண்டுவரும் ட்ரோனிடம் பேரம் பேசுகிற மனுஷி, நான் பார்த்தவரை இவர் ஒருவர்தான்.

"மேல நின்னுக்கிட்டு பேசாத, கீழ எறங்கி வா. அரைக் கிலோ கத்திரிக்காய் வாங்குதேன், ஒரு கொத்து கறிவேப்பிலை சும்மா தரக் கூடாதா? ஒங்க மொதலாளிட்ட போய்ச் சொல்லு. உமா கேட்டான்னு சொல்லு."

ட்ரோன் தன் இனிய குரலில் மன்னிப்புக் கேட்கும். அத்தை விடமாட்டார். கடைசியில் அந்த நிறுவனம் தோற்றுப்போய், எங்கள் வீட்டுக்கு மட்டும் கறிவேப்பிலைக்கு விலை பூஜ்யம் என்று போட்டு அனுப்ப ஆரம்பித்தது. குளிர்பதனப் பெட்டி, "தயிர் புளித்துவிட்டது, அகற்றவும்" என்று அறிவித்தால், "நேத்து வந்த சாமான் நீ, எனக்குத் தயிரு சொல்லித் தாறியா?" என்று அதன் கதவில் ஒரு தட்டு தட்டுவார்.

இதையெல்லாம் எத்தனை நாள்தான் நான் மட்டும் பார்த்துச் சிரிப்பது? 'பெரிய ராணி' என்று பெயர் வைத்து, வாரம் பத்து நிமிஷம் ஒரு குரல் நிகழ்ச்சி தொடங்கினேன். என் குரலை மாற்றிவிட்டேன். ஊர் பெயர் சொல்லவில்லை, ஆள் பெயர் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை மதியம் வெளியாகும். அன்றைக்கு மூன்று மணிக்கு அத்தை கோயிலுக்குப் போய்விடுவார், மாமா படிப்பகத்துக்குப் போய்விடுவார். காலியாகக் கிடக்கும் வீட்டில் அடுத்த வாரத்துக்கு உரியதைப் பதிவு செய்வேன். ஒரு தடவை கேட்க மூன்று சில்லு.

நானூறு பேர் வரை சேர்ந்துவிட்டார்கள். யாரென்று தெரியாது. எந்த ஊர்க் கலயத்திலிருந்து வந்தது, எத்தனை மணிக்கு வந்தது, விரும்பினால் அவர்கள் எழுதும் ஒரு வரி, இவ்வளவுதான் எனக்குத் தெரியும். டொராண்டோ, சிங்கப்பூர், ஈரோடு என்று வரும். வாரத்தில் அந்தப் பத்து நிமிஷம்தான் நான் நானாக இருந்தேன். புகுந்த வீட்டில் வாயே திறக்காத பெண் என்று ஊரில் எனக்குப் பெயர். நானூறு பேரைச் சிரிக்க வைக்கிறேன் என்று நினைத்தால், நசுங்கிய கார்கள்கூட எனக்கு அழகாகத் தெரிந்தன.

அத்தைக்கு மட்டும் தெரிந்துவிட்டால் எல்லாம் போயிற்று. கோபத்தைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். என்னை வைத்து ஊரைச் சிரிக்க விட்டாளே என்று அவர் ஒரு நாள் பேசாமல் இருந்துவிட்டால், அதை என்னால் தாங்க முடியாது. எனக்கு அவரைப் பிடிக்கும். பிடிக்காதவர்களைப் பற்றி இவ்வளவு நன்றாகச் சொல்ல வராது.

கறிவேப்பிலைக் கதை வெளியான செவ்வாய்க்கிழமை மூன்றே முக்காலுக்கு ஒரு கட்டணம் வந்தது. மூன்று சில்லு. கலயம்: கோவில்பட்டி. கூடவே ஒரு வரி: "அருமை. கிழவியை விடாதே, இன்னும் நன்றாகக் கிழி."

என் ஊரில், என்னைச் சுற்றி, யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மறுநாள் ஜெசிந்தாவிடம் ஓடினேன். ஊர்க் கலயம் அவள் கடையில்தான் இருக்கிறது, ஜெராக்ஸ் இயந்திரத்துக்குப் பக்கத்தில், மேலே துண்டு போர்த்தி. என் நிகழ்ச்சியைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் அவள்.

"ஜெசி, உள்ளே பாத்துச் சொல்லேன், யாருன்னு."

"உள்ள பாத்தா எனக்கே தெரியாதுட்டி. யாரும் பாக்கக் கூடாதுன்னுதான அப்படிச் செஞ்சு வச்சிருக்கு."

"அப்போ கண்டுபிடிக்கவே முடியாதா?"

"அப்படி யாரு சொன்னா?" ஜெசி துண்டை விலக்கித் திரையைத் திருப்பினாள். "ஒளியணும்னா கூட்டம் வேணும். தேரோட்டத்தன்னைக்கு நீ எங்க நிக்கன்னு யாருக்காவது தெரியுமா? அதே நீ மூணு மணி வெயில்ல, ஆளில்லாத மெயின் ரோட்ல, முக்காடு போட்டு நடந்தா? முக்காட்டுக்குள்ள மொகம் தெரியாது, வாஸ்தவம். ஆனா, இந்நேரத்துல யாரு போறான்னு ஊரே எட்டிப் பாக்கும்."

"சரி, அதனால?"

"கட்டணம் எப்பக் கொறையுது? ஆளு இல்லாதப்ப. இந்தாளு கட்டணத்தை மிச்சம் புடிக்கப் போயி, ஒளியறதுக்கு இருந்த கூட்டத்தைத் தொலைச்சிருக்கு. இங்க பாரு. செவ்வாக்கெழமை மூணுல இருந்து நாலரை. ராகு காலம். ஊர் முழுக்க ஒண்ணோ ரெண்டோதான் விழுந்திருக்கு." அவள் என் முகத்தைப் பார்த்தாள். "நம்ம ஊர்ல ராகு காலத்துல துணிஞ்சு காசு அனுப்புத ஆளு யாருட்டி?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்: "வெற்றி மாமா!"

என் மாமனார் வெற்றிச்செல்வன், தீப்பெட்டி ஆலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கறுப்புச் சட்டைக்காரர். வீடு குடிவந்தது ராகு காலத்தில், வண்டி வாங்கியது எமகண்டத்தில், கல்யாணமே ராகு காலத்தில். அவ்வளவு பக்தியுள்ள அத்தை அதற்கு எப்படிச் சம்மதித்தார் என்று கேட்டால், "ஆளு நல்லா இருந்தாரு" என்று மட்டும் சொல்வார்.

அன்று சாயங்காலமே மாமாவிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தேன்.

"மாமா, நீங்க சில்லெல்லாம் எப்போ அனுப்புவீங்க?"

"ராகு காலத்துலதாம்மா. ஊரே பயந்து ஒதுங்கி நிக்குத நேரம். ரயில் டிக்கெட்டோ, கரண்டு பில்லோ, அப்பத்தான். ஊர்க்காரன் மூடநம்பிக்கையில எனக்கு வருசத்துக்கு ஒரு வேட்டி மிச்சம்."

"போன்ல கதை ஏதாச்சும் கேப்பீங்களா மாமா?"

"ஏன், கேக்கக் கூடாதா?" என்றார். சொல்லிவிட்டு ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

அந்தச் சிமிட்டலில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பயம் போய், ஒரே சந்தோஷம். இந்த வீட்டில் எனக்கு ஒரு கூட்டாளி இருக்கிறார்! கட்டிய மனைவியைக் கிண்டல் செய்யும் கதையைக் காசு கொடுத்துக் கேட்கிறார், மருமகளைக் காட்டியும் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து மாமாவுக்கு இரண்டு வடை கூடுதலாக விழுந்தது. அவர் ஏன், எதற்கு என்று கேட்காமல் தின்றார்.

அத்தையின் கண்ணுக்கு அது தப்பவில்லை. "என்னத்தா, மாமனுக்கு மட்டும் வடை குட்டி போடுது? நாங்கள்லாம் இந்த வீட்டு ஆளு இல்லையா?" என்று ஒரு பிடி பிடித்தார். அடுத்த வாரமே அதையும் பெரிய ராணியில் சேர்த்துவிட்டேன்.

அந்தக் காலத்தில் எனக்குக் கதைக்குப் பஞ்சமே இல்லை. அத்தை முன்னைவிட இரண்டு மடங்கு உற்சாகமாக இருந்தார். வீடு துடைக்கும் இயந்திரம் கட்டிலுக்கு அடியில் போய் நின்றுகொண்டால், "வேலைக்கு வந்த எடத்துல தூக்கமா? ஒனக்கு இன்னைக்குக் கரண்டு கெடையாது" என்று தண்டனை கொடுத்தார். ட்ரோனோடு சண்டை போடும்போது மாடிப்படிக்கு நேராக வந்து நின்றுகொண்டு, ஒவ்வொரு சொல்லையும் மேடையில் பேசுவது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். வயதாக ஆகக் குரல் கூடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு செவ்வாயும் ராகு காலத்தில் அந்தக் கட்டணம் தவறாமல் வந்தது, ஒரு வரியோடு. "ராணி பல்லி விழுந்த பலன் பார்த்ததை ஏன் விட்டாய்?" என்று ஒரு வாரம். "சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது" என்று ஒரு வாரம்.

ஒரே ஒரு வாரம் மட்டும் வேறு மாதிரி வந்தது. ராணி படியேறும்போது 'அம்மா, அப்பா' என்று சொந்தக்காரர்களை எல்லாம் வரிசையாகக் கூப்பிடுவாள் என்று அத்தையின் முட்டிவலியை வைத்து ஒரு துண்டு செய்திருந்தேன். டொராண்டோவில் அதற்கு நல்ல வரவேற்பு. கோவில்பட்டிச் சந்தாதாரர் எழுதினார்: "முட்டிவலி மட்டும் வேண்டாம். மற்றது எதையும் விட வேண்டாம்."

எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. வலியில் இருக்கிறவரைப் பார்த்துச் சிரிப்பதற்கும், சண்டை போடுகிறவரைப் பார்த்துச் சிரிப்பதற்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியாமல் போயிற்றே. உடனே அந்தத் துண்டை வெட்டி எறிந்தேன். கூடவே, மனைவி மேல் மாமாவுக்கு எவ்வளவு பிரியம் என்று நினைத்துக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் மூன்று வடை.

மழைக்காலம் தொடங்கிய பிறகு மாமாவின் கண் சிமிட்டல் அதிகமானது. பார்த்தால், இரண்டு வருஷமாகக் கண்ணில் புரையாம், கூசுகிறதாம். இனியன் அவரை மதுரைக்கு அழைத்துப் போனான். செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு மேல் அறுவை சிகிச்சை என்று சொல்லிவிட்டார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று தெரிந்தும் அத்தை இரண்டு எலுமிச்சம்பழம் கூடுதலாக எடுத்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினார்.

அன்றைக்கு எனக்குப் பதிவு செய்ய மனம் ஓடவில்லை, எப்படியோ பேசி முடித்தேன். மூன்றரைக்கு இனியன் பேசினான். "அப்பாவை உள்ள கூட்டிட்டுப் போயாச்சு. போன், கண்ணாடி எல்லாம் என் பையிலதான் இருக்கு. நீ கவலைப்படாத." அவன் சொல்லி முடிப்பதற்குள் இங்கே மழை பிடித்துக்கொண்டது. அத்தையின் குடை கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துக்கொண்டு செருப்பில் காலை நுழைத்தேன்.

கையிலிருந்த போன் சிணுங்கியது. மூன்று சில்லு. கலயம்: கோவில்பட்டி.

வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். மாமா மதுரையில் மேஜைமேல் படுத்திருக்கிறார். அவருடைய போன் மதுரையில் இருக்கிறது. அதிலிருந்து அனுப்பியிருந்தால் மதுரைக் கலயம் என்றுதான் வந்திருக்கும். அப்படியானால் இத்தனை மாதமாக நான் யாருக்கு வடை போட்டேன்?

நனைகிறோம் என்ற நினைப்பே இல்லாமல், குடையை விரிக்காமலே கோயில் வரை நடந்துவிட்டேன்.

துர்க்கை சந்நிதியைச் சுற்றி ஒரே கூட்டம். எல்லாரும் பெண்கள். எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டி, சாற்றைப் பிழிந்து, மூடியைத் திருப்பி, நெய் ஊற்றித் திரி போட்டு வரிசையாக ஏற்றியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை, ராகு காலம், துர்க்கை விளக்கு. ராகு காலத்தில் கறுப்புச் சட்டைக்காரர்கள் மட்டும்தான் துணிந்து நடமாடுவார்கள் என்று நானும் ஜெசியும் பெரிய துப்பறிவாளர்கள் மாதிரி முடிவு கட்டினோமே! ஊரில் பாதிப் பெண்கள் அந்த நேரத்துக்காகவே காத்திருந்து கோயிலுக்கு வருகிறார்கள். ஒவ்வொரு செவ்வாயும் அத்தை கூடைக்கு எலுமிச்சம்பழம் எடுத்து வைத்தது நான்தான்.

விளக்குகளைத் தாண்டி, மண்டபத்துத் தூணோரம் ஆறு பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு போன், சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தது. அதிலிருந்து வந்தது என் குரல். மாற்றப்பட்ட என் குரல். போனைக் கையில் பிடித்திருந்தவர் அத்தை.

நான் அடுத்த தூணுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டேன்.

பெரிய ராணி இயந்திரத்துக்கு மின்சாரம் தர மறுத்த கட்டம். ஆறு பேரும் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு சந்தாவில் ஆறு பேர். ட்ரோனிடம் பேரம் பேசுகிறவரிடம் வேறு எதை எதிர்பார்க்க முடியும்?

கதை முடிந்ததும் தகராறு தொடங்கியது.

"இது எம் மருமவதான் சொல்லுதா. அந்தத் தயிரு பேச்சு நான் பேசுனது" என்றார் ஒருவர்.

"போங்க மதினி, ஒங்க மருமவளுக்கு இம்புட்டு வாய் ஏது? இது எங்க வீட்டுக் கததான்."

"நீ சொல்லு உமா, யாரா இருக்கும்?"

அத்தை போனை மடியில் வைத்துக்கொண்டார். "யாரா இருந்தா என்ன? பிள்ளை நல்லா சொல்லுதா. அது போதும்."

மழை கொஞ்சம் விட்டது. ஒருவர் எழுந்து சேலையை உதறினார். "கெளம்புவோமா உமா? விளக்குப் போட்டு எம்புட்டு நேரமாச்சு. செவ்வா தவறாம எங்களைப் புடிச்சு உக்கார வச்சிருதியே."

"நாலரை ஆகட்டுமே. வீட்ல எம் மருமவளுக்கு ஒரு சோலி இருக்கு. ஆளு இல்லாம இருந்தாத்தான் அவளுக்கு ஓடும்."

"என்ன சோலி?"

"என்னமோ கம்ப்யூட்டர் சோலி. நமக்கு என்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு, அத்தை விளக்குகளின் பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மாடிப்படிக்கு நேராக நின்று ஏன் சண்டை போட்டார் என்று அப்போது புரிந்தது. கறிவேப்பிலைக்குக் காசு கொடுக்காத மனுஷி, கதைக்கு மூன்று சில்லு போக, என்னிடமிருந்து தன்னை மறைத்துக்கொள்ள வாரம் ஒரு சில்லு கட்டியிருக்கிறார். தெரிந்துவிட்டது என்று தெரிந்தால் நான் நிறுத்திவிடுவேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கலயம் அவரைச் சரியாக மறைக்கவில்லை. ஆனால் அவர் என்னை ஊரிடமிருந்து எவ்வளவு பத்திரமாக மறைத்து வைத்திருந்தார்!

கோயில் வாசலில் அத்தையின் செருப்பைத் தேடிக் கண்டுபிடித்து, அதன்மேல் குடையை வைத்தேன். மழை மறுபடி வலுத்தது. வீடு வரைக்கும் நனைந்துகொண்டே, சிரித்துக்கொண்டே ஓடினேன்.

நாலே முக்காலுக்கு அத்தை வந்தார். ஒரு பொட்டு ஈரம் இல்லை. சொட்டச் சொட்ட நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னத்தா, வீட்டுக்குள்ள மழை பேஞ்சுதா?"

"தலைக்குக் குளிச்சேனுங்கத்தை."

"சுடிதாரோடயா?"

அத்தை கொடியிலிருந்து துண்டை எடுத்து என் தலைமேல் போட்டார். "நல்லாத் துவட்டு. சளி புடிச்சா தொண்டை கட்டிக்கிடும்." பிறகு குடையைக் கதவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டே சொன்னார், "கோயில்ல யாரோ குடையை விட்டுட்டுப் போயிட்டாங்க. நம்ம வீட்டுக் குடை மாதிரியே இருந்துச்சு. எடுத்துட்டு வந்துட்டேன்."

மாமா கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்தார். சிமிட்டல் நின்றுவிட்டது, வடை நிற்கவில்லை. அத்தைக்கும் இப்போது இரண்டு கூடுதல். அவரும் ஏன், எதற்கு என்று கேட்காமல் தின்றார்.

அடுத்த செவ்வாய் மூன்று மணிக்கு அத்தை கூடையை எடுத்துக்கொண்டார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி, "நாலரைக்குத்தான் வருவேன்" என்று தேவைக்கு அதிகமான சத்தத்தில் சொல்லிவிட்டுப் போனார். நான் கதவைச் சாத்திவிட்டு மைக்கைப் போட்டேன். பேசத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் போன் சிணுங்கியது. கோவில்பட்டிக் கலயம். மூன்று சில்லு. கீழே ஒரு வரி:

"குடைக்கு நன்றி. இனிமேல் முட்டிவலியையும் சேர்த்துக்கொள்ளலாம்."

மைக்கை அணைக்கத் தோன்றாமல் வாய்விட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நான் வெட்டவில்லை. நூற்றுப் பன்னிரண்டாவது பெரிய ராணியில், மூன்றாம் நிமிஷத்துக்குப் பக்கத்தில், அது இன்னும் இருக்கிறது.